யாராவது வரும்வரை

எங்கள் நாடகக் குழுவில் வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது என் வேலை. பகலில் பல் மருத்துவரின் வரவேற்பு மேசை. மாலையில் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். புதியவர்கள் எழுதிய ஐந்து குறுநாடகங்களை ஆண்டுக்கு ஒருமுறை போடுவோம். பிரதியில் எழுதியவர் பெயர் இருக்காது. அது ஒட்டிய உறையில் இருக்கும். நாடகம் முடிந்த பிறகே மேடையில் பிரிப்போம். வேண்டாமென்று திருப்பி அனுப்பும் பிரதியில், படித்தவர் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும்.

போன வருடம் ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பியது நான்தான். ஒரு தம்பி அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவள் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் போய்விடுகிறான். இரண்டாம் பக்கத்திலேயே எழுதியது யாரென்று தெரிந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்று கிளம்பிய என் தம்பியோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். அவன் வந்து தட்டியபோது அப்படித்தான் நின்றேன். நான் வீட்டில் இல்லையென்று நினைத்திருப்பான் என்றே அதைப் படிக்கும்வரை நம்பியிருந்தேன்.

'எந்த அக்காவும் இப்படிச் செய்யமாட்டாள்' என்று கூசாமல் எழுதி அனுப்பினேன். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன் சாலை விபத்தில் இறந்துபோனான். கடைசிவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் தேர்வான ஐந்தில் அந்த நாடகம் இருந்தது. சாவதற்கு முன்பே திருத்தி அனுப்பியிருக்கிறான். இப்போது, தம்பி போன பிறகு அக்கா கதவைத் திறக்கிறாள். கீழே ஒரு குறிப்பு: 'யாராவது வரும்வரை விளக்கை அணைக்க வேண்டாம்.'

"யாருமே வரமாட்டாங்களே, அப்புறம் எப்படி அணைக்கிறது?" என்றார் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன்.

"பத்து எண்ணிட்டு அக்கா கையத் தூக்குவாங்க, அணைச்சிடுங்க," என்று என்னைக் காட்டிச் சொன்னார் எங்கள் இயக்குநர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அவர். "எவன் எழுதினானோ, நம்ம உயிரை வாங்குறான்."

நான் பிரதியின் ஓரத்தில் 'பத்து' என்று குறித்துக்கொண்டேன்.

நாடகத்தன்று தம்பியாக நடித்த கூரியர்காரர் கதவைத் தட்டினார். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அது என் தம்பி தட்டுகிற தட்டு. பிரதியில் அப்படி இல்லை. ஒத்திகையில் ஒருநாளும் அவர் அப்படித் தட்டியதில்லை.

"அக்கா, நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். கதவுக்கடியில உன் கால் தெரியுது."

கொஞ்ச நேரம் நின்றார். போனார். அக்காவாக நடித்தவள் கதவைத் திறந்தாள். வாசலில் வெளிச்சம் மட்டும் இருந்தது.

பத்து எண்ணினேன். முப்பதும் எண்ணினேன். அரங்கில் இருமத் தொடங்கினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து மாஸ்டர் கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினார். என் கை மடியிலேயே கிடந்தது. ஒருமுறை நான் சாத்தி வைத்தது போதும்.

"அக்கா, கையத் தூக்குங்க," என்று பக்கத்திலிருந்து கிசுகிசுத்தார் எலக்ட்ரீஷியன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றேன். "அவன் எப்பவுமே லேட்டாத்தான் வருவான்."