மூணு மணி நேரக் குளியல்

பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற கம்பெனிக்கு ஐஸை உடைக்க ஆள் வைத்தா சொல்லித்தர வேண்டும்? ஆனாலும் தென்காசி டீமைப் பார்த்துக்கொள்கிற உமா மகேஸ்வரிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணி ஆன்லைன் மீட்டிங்கில் அவள் ‘ஐஸ் பிரேக்கர்’ விளையாட்டு ஒன்றை நடத்த வேண்டும். சென்னைக்காரர்கள் ஆறு பேரும் தென்காசிக்காரர்கள் ஆறு பேரும் நெருங்கிப் பழக வேண்டுமாம்.

உமாவின் கவலை வேறு. இந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலிருந்தபடியே புகார்களைக் கவனிக்கிறவர்கள். கஸ்டமரோடு போனில் பேசுவது சென்னை. வருகிற மெசேஜுக்குப் பதில் தட்டுவது தென்காசி. ‘எங்களுக்கும் போன் லைன் கொடுங்க’ என்று அவள் ஒரு வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த சென்னை டீம் லீடர் முத்துகுமரன், ஒரு மாதமாக ஒரே பாட்டைத்தான் பாடினார்: “மீட்டிங்லயே வாயைத் திறக்காதவங்க கஸ்டமர்கிட்ட எப்படிம்மா பேசுவாங்க?” அவருடைய முடிவு அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலே போகிறது. இல்லை என்று எழுதிவிட்டால் தென்காசிக்கு அப்புறம் வாய்ப்பே கிடையாது.

வாயைத் திறக்காதவர்களில் முதல் ஆள் குத்தாலிங்கம். வேலையில் சூரன். ஆனால் ஒரு மாதமாக அவனுக்குக் கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது. ஆடி மாதம் சீசன் அமர்க்களப்பட்ட ஒரு நாள், ‘குளிச்சிட்டு வந்திருதேன் சார்’ என்று குரூப்பில் போட்டான். முத்துகுமரனும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். திரும்பி வந்தவனிடம், ‘மூணு மணி நேரமாவா குளிச்சீங்க?’ என்று அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் கேட்டுவிட்டார். சென்னைக்காரர்கள் சிரிப்பு பொம்மைகளை அள்ளிக் கொட்டினார்கள். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டு மானத்தை வாங்குகிறாரே என்று குத்தாலிங்கம் வாயைப் பூட்டிக்கொண்டான். அவனுக்காக மற்றவர்களும் பூட்டிக்கொண்டார்கள். ரோஷத்தைப் பங்கு போட்டுக்கொள்கிற ஊர் இது.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைமை அலுவலகம் அனுப்பிய விளையாட்டு, ‘நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகம்?’ சென்னையில் மூன்று பேர் சிங்கம் என்றார்கள், ஒருவர் புலி என்றார். தென்காசிப் பக்கம் கறுப்புக் கட்டங்கள் மட்டுமே தெரிந்தன. செங்கோட்டைக்காரி ஹுஸ்னா மட்டும் போனால் போகிறதென்று ‘பூனை’ என்று தட்டிவிட்டாள்.

“சரி, முடிச்சிக்கலாமா?” என்றார் முத்துகுமரன்.

உமாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வருஷப் பாடு ஒரு பூனையோடு முடிவதா? மிருகங்களை எல்லாம் மூடித் தள்ளினாள்.

“இருங்க சார், இன்னொண்ணு இருக்கு. எங்க ஊருப் பேச்சு ஒண்ணு சொல்லுவோம், நீங்க அர்த்தம் சொல்லணும். ‘மேலுக்கு முடியல.’ என்னது?”

“மாடிப்படி ஏற முடியலன்னு அர்த்தம்” என்றார் ஒரு சென்னைக்காரர், வெகு தைரியமாக.

ஹுஸ்னாவால் பொறுக்க முடியவில்லை. மைக் திறந்தது. “ஐயோ, உடம்புக்குச் சரியில்லன்னு அர்த்தம்! மாடியாம்லா மாடி!” அவள் சிரித்த சிரிப்பில் இன்னும் இரண்டு கட்டங்களில் முகம் தெரிந்தது. சென்னைக்காரர்களும் தங்கள் பங்குக்கு இரண்டு வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் சூடு பிடித்தது.

அப்போதுதான் குத்தாலிங்கத்தின் மைக் திறந்தது.

“நான் ஒண்ணு கேக்கேன். ‘குளிக்கப் போறேன்’னு ஒருத்தன் சொன்னா, எம்புட்டு நேரம்?”

“பத்து நிமிஷம்” என்றார் ஒரு சென்னைக்காரர்.

“தலைக்கு ஊத்தினா இருபது” என்றார் இன்னொருவர்.

தென்காசி மைக்குகள் அத்தனையும் திறந்து ஒரே குரலில் கத்தின: “மூணு மணி நேரம்!”

“சீசன்ல குளிக்கப் போறேம்னா குத்தாலத்துக்குத்தான் சார்” என்றான் குத்தாலிங்கம். “ஐந்தருவியில வரிசையில நிக்கவே ஒரு மணி நேரமாவும். வீட்டுக்குள்ள குளிக்கத யாராவது குரூப்புல சொல்லுவாங்களா? நான் அரை நாள் லீவு கேட்டேன், நீங்க தந்திய. பொறவு நீங்களே எல்லாரு முன்னாலயும் ஏசிட்டிய.”

முத்துகுமரனின் கேமரா திறந்தது. மனிதர் முகம் வெளிறிப் போயிருந்தது.

“நான் பாத்ரூம்னு நெனச்சேன் குத்தாலிங்கம். பத்து நிமிஷத்துல வந்துடுவீங்கன்னு உட்கார்ந்திருந்தேன். தெரியாம கேட்டுட்டேன். எல்லார் முன்னாடியும்தான் கேட்டேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன், மன்னிச்சிடுங்க.”

குத்தாலிங்கமே முதலில் சிரித்துவிட்டான். உமாவுக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது. அந்த மனிதரை ஒரு மாதமாகத் திமிர் பிடித்தவர் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள். குளியல் என்றால் சென்னைக்காரருக்குப் பாத்ரூம்தான் ஞாபகம் வரும் என்பது இந்த ஊரில் பிறந்தவள் புத்திக்கு எட்டவேயில்லை. அரை மணி நேர மீட்டிங் ஒன்றரை மணி நேரம் ஓடியது.

சாயங்காலம் முத்துகுமரனிடமிருந்து மெயில் வந்தது. தென்காசிக்கு ஒரே ஒரு போன் லைன், ஒரு வாரம் பார்ப்போம், ஆளை உமாவே தேர்ந்தெடுக்கலாம். அவள் யோசிக்கவே இல்லை, குத்தாலிங்கத்தின் பெயரைப் போட்டாள்.

திங்கள்கிழமை காலை முதல் கால். உமாவும் முத்துகுமரனும் குறுக்கே பேசாமல் ஒட்டுக்கேட்டார்கள். சுரண்டையில் கூல்டிரிங்க்ஸ் கடை வைத்திருக்கிறவர் பேசினார்.

“தம்பி, எனக்கு ஒங்கள மாதிரி படிச்ச தமிழு வராது, இங்கிலீஷும் வராது…” என்று இழுத்தார்.

கம்பெனி எழுதிக் கொடுத்த வசனம் குத்தாலிங்கத்தின் கண் முன்னால்தான் இருந்தது. அவன் அதை வாசிக்கவில்லை.

“எனக்கும் வராது அண்ணாச்சி. பிரிட்ஜுக்கு என்ன செய்யுது? நம்ம பேச்சுலயே சொல்லுங்க.”

“அப்படிச் சொல்லுலே!” என்றார் கடைக்காரர். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. எந்த நேரம் சத்தம் வருகிறது, எந்தப் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒன்று விடாமல் கொட்டினார். பத்தே நிமிஷத்தில் கோளாறு எங்கே என்று தெரிந்து, மெக்கானிக் வருகிற நேரமும் முடிவானது.

உமாவுக்கு முத்துகுமரனிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘இதே ஆள் போன வாரம் மூணு தடவை எங்களுக்குப் போன் பண்ணி, பேசாமலே வச்சிருக்கார். எங்க பேச்சுக்குப் பயந்திருக்கார்னு இப்பதான் புரியுது. மிச்ச அஞ்சு பேருக்கும் லைன் கேட்டு எழுதிட்டேன்.’

உமா அதை இரண்டு முறை படித்தாள். இவர்கள் என் ஆட்கள், என் ஆட்கள் என்று யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அடுத்த கால் வந்துவிட்டது. காதில் குத்தாலிங்கத்தின் குரல் கணீரென்று கேட்டது.

“வணக்கம், தென்காசியிலயிருந்து பேசுதேன். சொல்லுங்க.”