தார் ஊறும் நேரம்

உலகத்தில் உள்ள கறைகளை இரண்டாகத்தான் பிரிக்க முடியும்: பாலிஷ்காரன் கை பட்டவை, இன்னும் படாதவை. கார் கழுவும் கடையில் இதைச் சொன்னவன் பாலிஷ்காரனேதான். சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்ததற்கும் அவனுக்குக் காரணம் புரியவில்லை.

அன்று காலை வந்த வெள்ளைக் காரின் தலை முழுக்க மரப்பிசின். கதவடியில் புது ரோட்டுத் தார். கதவில் தாரைக் கரைக்கும் தின்னரை ஊற்றி பாலிஷ்காரன் அரக்கிக்கொண்டிருந்தான். மேல்பக்கம் மெதுவண்டியின் பங்கு. கூட வேலை பார்ப்பவனுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியதும் பாலிஷ்காரன்தான். மெதுவண்டி ஒவ்வொரு பிசின் பொட்டின்மேலும் எண்ணெய்த் துணியைப் போட்டுவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, காருக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சா?"

"ஊறணும்டா. இழுத்தா பெயிண்டும் சேர்ந்து வரும்."

"ஊறட்டும். நீ ஓய்வூதியம் வாங்குறதுக்குள்ள வந்துடும்."

பத்து மணிக்குப் பாலிஷ்காரனுக்குப் போன் வந்தது. ரோடு போடும் இடத்தில் கொதிக்கும் தார் டின் கவிழ்ந்து, அங்கே வேலை பார்த்த அவன் தம்பியின் வலது கையில் கொட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கை மணிக்கட்டு வரை ஒரே கறுப்புக் கட்டியாக இறுகிக் கிடந்தது. எது எந்த விரல் என்று தெரியவில்லை. பாலிஷ்காரன் நேராக நர்ஸிடம் போனான். "கடையில தின்னர் இருக்கு சிஸ்டர். பத்தே நிமிஷம், எடுத்துடுவேன்."

"தோலும் வந்துடும். பரவாயில்லையா?" அவள் ஒரு களிம்பு டப்பாவை அவன் கையில் திணித்தாள். "தடவி, துணி போட்டு மூடுங்க. தானா இளகும். எத்தனை விரல் பொழைச்சிருக்குன்னு தார் போன பிறகுதான் டாக்டர் சொல்வார்." அடுத்த கட்டிலில் யாரோ கத்த, அங்கே ஓடினாள்.

தம்பி ஊசி மயக்கத்தில் கண்ணைத் திறந்தான். "நீயா? வேற ஆளே கிடைக்கலையா அண்ணே?"

"வாயை மூடுடா."

"பாத்து. நான் செகண்ட் ஹேண்ட் வண்டி." சிரிக்கப் பார்த்தான், முகம் கோணியது. அப்புறம் சின்னக் குரலில், "கட்டைவிரல் இருக்கான்னு மட்டும் பாரேன்" என்றான்.

பாலிஷ்காரன் களிம்பைத் தடவினான், அழுத்தாமல். துணியைப் போர்த்தினான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஓரத்தைத் தூக்கிக் குனிந்து பார்த்தான், மூடினான். இன்னும் கொஞ்சம் தடவினான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. தம்பி தூங்கிவிட்டான்.

துணியில் கறுப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. விரலா, களிம்பில் துணி வழுக்கியதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்திருந்தான்.