லெம்பியின் கம்பு

கடவுள் மனிதனுக்கு மொத்தம் பத்துத் திறமைகளைத்தான் கொடுத்தார் என்றும், எங்கள் மாகாணத்தில் அந்தப் பத்தும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன என்றும் ஈவாரி ஹாப்பகோஸ்கி இளைஞர் சங்க மண்டபத்தில் அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. 1913ஆம் ஆண்டுக்கான சிரிப்பை எங்கள் ஊர் மே மாதமே சிரித்து முடித்திருந்தது.

அவன் சொன்னது பொய்யும் இல்லை. ஓட்டம், தாண்டல், எறிதல் எதிலும் அவனுக்கு இணை கிடையாது. ஜூலை ஞாயிறு ஒன்றில் மாகாணத்தின் பத்துப் போட்டி, பத்து விளையாட்டிலும் ஒரே ஆள் மோத வேண்டும். வெல்கிறவன் ஒருவனே தேசியப் போட்டிக்கு ஹெல்சிங்கிக்கு ரயில் ஏறலாம். அதற்காக ஈவாரி ஹாம்பர்க்கிலிருந்து, ஊன்றி உயரம் தாண்டுவதற்கென்றே, மூங்கில் கோல் வரவழைத்திருந்தான்.

பண்ணைக்கார விஹ்தோரி, தளிர்மரம் என்கிற ஊசியிலை மரத்தின் கம்போடு வந்தான். காய்ந்த புல் குவியலின் அடியில் இரண்டு நீளக் கம்புகளைச் செருகி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகப் பல்லக்குப் போலத் தூக்குவோமே, அதில் ஒன்று. மற்றதைப் பறிகொடுக்கக் கூடாதென்று அவன் தங்கை லெம்பி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா விஹ்தோரி, புல் சுமக்கிறது பதினோராவது போட்டியா?" என்றான் ஈவாரி.

"மழை வருது. மழைன்னா ஞாயித்துக்கிழமை வேலை பாத்தாலும் பாவமில்லன்னு பாதிரியார் சொல்லிட்டாரு. இத முடிச்சிட்டுப் புல்லத் தூக்க ஓடணும்."

"என் கோல் கடல் தாண்டி வந்தது. உன்னோடது மாட்டுத் தீனி தூக்கப் பொறந்தது."

"கடலத் தாண்டிச்சு, சரி," என்றாள் லெம்பி. "குறுக்குக் கம்பத் தாண்டுதான்னு பாப்போம்."

ஏழு போட்டிகள் முடிந்தபோது ஈவாரி முதலிடம், விஹ்தோரி அடுத்து. எட்டாவது, கோலூன்றித் தாண்டல். ஈவாரி ஓடிவந்து ஊன்றினான். மூங்கில் விறகுபோல் பிளந்தது. அளவு நாடா பிடித்திருந்த என் காலடியில் ஒரு சிம்பு விழுந்தது, மோந்து பார்த்தேன். புகை வாசனை. முந்தின நாள் சனிக்கிழமை, ஊரே சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குப் போகும் நாள் என்பதால் மூங்கிலையும் அங்கே அழைத்துப்போய் மேல்தட்டில், கல்லடுப்புக்குப் பக்கத்திலேயே, கிடத்தியிருக்கிறான். சவுனாவில் சரியாகாதது எதுவுமில்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். மூங்கிலுக்கு அது தெரியவில்லை.

தாண்டாவிட்டால் புள்ளி கிடையாது, ரயில் விஹ்தோரிக்கு. விஹ்தோரியின் கம்பு விஹ்தோரியின் கையில். ஈவாரி மெல்ல நடந்து லெம்பியின் முன் நின்றான். பூட்ஸைப் பார்த்தபடி நின்றான்.

"கேளேன்," என்றாள் அவள்.

"அந்தக் கம்பு..."

"மாட்டுத் தீனிக்குப் பொறந்ததா?"

"லெம்பி, ஒரே ஒரு தடவை."

"எடுத்துக்க. எங்கண்ணன் ஹெல்சிங்கி போயிட்டா புல்ல யாரு தூக்கறது? நீயே தொலைஞ்சு போ. ஆனா இன்னிக்கு மழைக்கு முன்னாடி புல்லு தூக்க, கம்போட முன்முனை உனக்கு. அவன் களஞ்சியத்துல அடுக்குவான்."

தளிர்மரம் அவனைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டது. ஈவாரி வென்றான். வாழ்த்த வந்தவர்களுக்கு உரை எதுவும் கிடைக்கவில்லை, ஆளையே காணோம்.

சைக்கிளில் வீடு திரும்பும்போது பார்த்தேன். மேற்கே மேகம் கறுத்திருந்தது. மாகாணத்தின் பத்துத் திறமைகளும் முன்முனையில், லெம்பி பின்முனையில். தலைமுடியெல்லாம் புல். ஈவாரி என்னைக் கண்டும் காணாததுபோல் குவியலை இறக்கினான்.

"இன்னும் எத்தனை?" என்று அவளைக் கேட்டான்.

"பத்து," என்றாள் லெம்பி.

ஈவாரி கம்புகளை அடுத்த குவியலின் அடியில் செருகிவிட்டு, முன்முனையைத் தூக்கக் குனிந்தான்.