ஐம்பத்தெட்டாம் பக்கத்துப் பென்சில்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். அதில் ஆறு வருஷமாக ஒரே ஒரு சண்டை மட்டும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. மற்ற சண்டைகளெல்லாம் வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். இது தீரவில்லை. தீர்ந்துவிடக் கூடாது என்று இருவருக்குமே உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்ததோ என்னவோ.

சண்டை புத்தகத்தைப் பற்றி. அவர் காகிதக் கட்சி. அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில், வாசலிலிருந்து உள்ளறைக்குப் போகும் நடை ஏற்கெனவே குறுகல். அதன் ஒரு பக்கச் சுவர் முழுக்க அலமாரி அடித்து, தரையிலிருந்து கூரை வரை புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துதான் உள்ளே போக வேண்டும். கொஞ்சம் தொப்பை உள்ளவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

மனைவிக்குச் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. பகலெல்லாம் யாருடைய வாய்க்கோ பல் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் மின்புத்தகக் கருவியை வைத்துப் படிப்பாள். மெல்லிசான கருவி. உள்ளே நானூறு புத்தகம்.

"உங்க அலமாரி மொத்தமும் என் கைப்பைக்குள்ள இருக்கு" என்பாள்.

"பை தொலைஞ்சா?"

"வேற கருவி வாங்கினா எல்லாம் தானா திரும்பி வந்துடும். உங்க வீடு தீப்பிடிச்சா?"

"எங்க வீடா? அப்போ நீ எங்க குடியிருக்க?"

அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர் சிலேட்டு. சிலேட்டில் படிப்பதெல்லாம் தனக்கு ஒன்றாம் வகுப்போடு முடிந்துவிட்டது என்பார். அவர் புத்தகத்தைப் பிரித்தால் முதலில் தும்மல் வரும், அதற்கப்புறம்தான் முன்னுரை வரும் என்பாள் அவள். தனக்கு ஒரு வரி ஞாபகம் வந்தால் அது இடப்பக்கமா வலப்பக்கமா, மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பதும் சேர்ந்தே ஞாபகம் வரும் என்று அவர் பெருமை அடித்துக்கொள்வார்.

"உனக்கு என்ன ஞாபகம் வரும்? நாற்பத்திரண்டு சதவீதமா?"

"எனக்கு எதுக்கு ஞாபகம் வரணும்? தேடினா வந்துட்டுப் போகுது."

இந்தப் பேச்சை ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் அவருடைய தங்கை. அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருந்தாள். அவள் படிக்கிற ஜாதியே இல்லை; கேட்கிற ஜாதி. மெஷினை மிதித்துக்கொண்டே காதில் ஒலிப்புத்தகம் ஓட விடுவாள். ஒரு ரவிக்கைக்கு மூன்று அத்தியாயம் என்பது அவள் கணக்கு.

"நீங்க ரெண்டு பேரும் படிக்கிறதை விட, எதுல படிக்கணும்னு பேசறதுதான் ஜாஸ்தி" என்றாள் ஒருநாள். "பேசாம ஒரு போட்டி வச்சுக்கோங்க. நான் போன மாசம் ஒரு துப்பறியும் கதை கேட்டேன். மலை மேல ஒரு விடுதி, மழையில பாதை அடைச்சுடுது, முதலாளி செத்துக் கிடக்கிறார், உள்ள எட்டுப் பேர். மொத்தம் இருபத்திநாலு அத்தியாயம். அண்ணா காகிதத்துல படிக்கட்டும், அண்ணி கருவியில படிக்கட்டும். இருபத்திரண்டோட நிறுத்திட்டு, கொலைகாரர் யாருன்னு ஆளுக்கொரு சீட்டுல எழுதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடைக்குக் கொண்டுவாங்க."

"தோத்தா?" என்றார் அண்ணன்.

"அண்ணா தோத்தா நடையில பாதி அலமாரி காலி. அண்ணி தோத்தா ஒரு மாசம் கருவியைத் தொடக்கூடாது, காகிதம்தான்."

இருவரும் உடனே சரி என்றார்கள். தான் தோற்கக்கூடும் என்று இருவருமே நினைக்கவில்லை.

அவர் நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தார். முதுகில் டேப் ஒட்டிய, பல கை பட்ட பிரதி. திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள், உதிரி பாகம் வரட்டும் என்று காத்திருந்த நேரத்தில் ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்தார். ஓரத்தில் பென்சிலால் பெரிய எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'டாக்டர்தான். சந்தேகமே வேண்டாம்.'

சட்டென்று புத்தகத்தை மூடினார். வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன் அவர். மனைவியிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முதலில் நினைத்தார். பிறகு, கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க முடியுமா, தான் தேடிப் போகவில்லையே என்று நினைத்தார். சாயந்தரத்துக்குள் டாக்டர்மேல் தனக்கு முதல் பக்கத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகவே அவருக்குத் தோன்றிவிட்டது. அதற்கப்புறம் கதையில் டாக்டர் தண்ணீர் குடித்தால்கூட, இந்த நேரத்தில் ஏன் குடிக்கிறான் என்று அவருக்கு உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் மனைவிக்கும் ஒன்று நடந்தது. கருவியில் ஒரு வரிக்குக் கீழே மெல்லிய புள்ளிக்கோடு இருந்தது. அந்த வரியை முன்னூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள் அடிக்கோடிட்டிருப்பதாகக் கருவி சொன்னது. வரி இதுதான்: 'தோட்டக்காரர் அன்று முழுக்கக் கையுறையைக் கழற்றவே இல்லை.'

முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை வெட்டி இல்லாமலா கோடு போடுவார்கள் என்று யோசித்தாள். 'கையுறை' என்று தேடிப் பார்த்தாள். பதினேழு இடம் காட்டியது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. திரும்பி நடந்து வரும்போது மனசு குறுகுறுத்தது. அது ஏமாற்றுவேலை இல்லை, கருவியில் இருக்கிற வசதி என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரம் வீட்டில் வழக்கமில்லாத மரியாதை நிலவியது.

"எப்படிப் போகுது?" என்பார் அவர்.

"ஏதோ போகுது. உங்களுக்கு?"

"எனக்கென்ன, மெதுவாத்தான்."

அவர் கேட்காமலே டீ போட்டுத் தந்தார். அவள் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். ஜெயிக்கப் போகிறவர்களுக்கு வருகிற கருணை அது. இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது. மனைவிக்கு இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி. கருவியில் மூன்று சதவீதம் சார்ஜ் இருந்தது. இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் அதுவும் போய்விட்டது. கரண்ட் போவதற்கு முன்பே ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த அவருக்கு, கிடைத்த வெளிச்சத்தில் படிப்பதே ஒரு சுகமாக இருந்தது.

"சிலேட்டுக்கு உயிர் போயிடுச்சா?"

"வெறும் மயக்கம்தான். கரண்ட் வந்தா எழுந்துடும்."

"வர்றப்போ வரட்டும். மழை விடற மாதிரி தெரியல."

 அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் பத்தொன்பதுலதான் நிக்கிறேன். நீங்க வாசிங்க, கேட்டுக்கறேன்."

அவருக்கு மறுக்க மனம் வரவில்லை. வாசிக்கத் தொடங்கினார். நன்றாகவே வாசிப்பார். சமையல்காரருக்கு ஒரு குரல், விடுதி முதலாளியின் அக்காவுக்கு ஒரு குரல். டாக்டர் பேசும்போது மட்டும் குரல் தானாகக் கரகரத்தது. அதைக் கவனித்த மனைவி, இவர் டாக்டரைப் போய்ச் சந்தேகப்படுகிறாரா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

நூற்றுத் தொண்ணூறாம் பக்கம் வந்ததும் அவருடைய கட்டைவிரல் இடப்பக்க ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கேயும் பென்சில் எழுத்து இருந்தது: 'நான் அப்பவே சொன்னேனே, டாக்டர்!'

"ஏன் அந்த மூலையையே பொத்திக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"கறை."

"என்ன கறை?"

"லைப்ரரிப் புத்தகம்னா கறை இருக்கத்தான் செய்யும். உன் சிலேட்டுல இருக்காது, அதனால உனக்குத் தெரியாது."

வேறு நாளாக இருந்தால் விரலைப் பிரித்துப் பார்த்திருப்பாள். பதினேழு கையுறை ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டாள். இருபத்தோராம் அத்தியாயத்தின் நடுவில் கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அவர் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"சார்ஜ் போடலையா?"

"போட்டுக்கலாம். மிச்சத்தையும் வாசிங்க" என்றாள்.

மறுநாள் தையல்கடையில், வெட்டும் மேஜைமேல் இரண்டு சீட்டையும் விரித்து வைத்து, காற்றில் பறக்காமல் கத்தரிக்கோலைத் தூக்கி மேலே வைத்தாள் தங்கை. ஒன்றில் டாக்டர். இன்னொன்றில் தோட்டக்காரர்.

"ரெண்டும் தப்பு" என்றாள்.

"முழுசாத் தப்பா?" என்றார் அண்ணன்.

"தப்புல முழுசு, அரைன்னு எல்லாம் இருக்கா அண்ணா? அந்த இசை டீச்சர்தான் கொலைகாரி."

இசை ஆசிரியையை இருவரும் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை. எட்டுப் பேரில் எல்லோருக்கும் போர்வை எடுத்துக் கொடுத்த நல்ல மனுஷி அவள்.

"அது சரி, டாக்டர்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று தங்கை கேட்டாள்.

அவர் பிடரியைத் தடவினார். தையல் மெஷினைப் பார்த்தார். பிறகு ஐம்பத்தெட்டாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "கறையாம், கறை. காகிதத்தோட பெருமை இதுதானா? எவனோ கிறுக்கினதை நம்பி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நாத்தனார் தன்னையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

"அண்ணி, நீங்க?"

புள்ளிக்கோடு வெளியே வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டும் வந்தது. பதினேழும் வந்தது. இப்போது சிரிப்பது அவர் முறை.

"எனக்காவது ஒருத்தன்தான் தப்பாச் சொன்னான். உனக்கு ஒரு கல்யாண மண்டபமே சேர்ந்து சொல்லியிருக்கு."

"நீ மட்டும் சொந்த மூளையிலயா கண்டுபிடிச்ச?" என்று மனைவி நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல. வாசிச்சவர் எல்லாருக்கும் சாதாரணமா வாசிச்சார். அந்த டீச்சர் பேசறப்போ மட்டும் குரல்ல தேன் ஊத்தினார். மூணாவது அத்தியாயத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

தீர்ப்பு எளிதாக முடிந்தது. இருவரும் தோற்றதால் இருவருக்கும் தண்டனை.

வீட்டுக்கு வந்து கடைசி இரண்டு அத்தியாயத்தையும் அவர் வாசிக்க, அவள் கேட்டாள். கடைசிப் பக்கத்தின் அடியில் அதே பென்சில் எழுத்து இருந்தது: 'டாக்டர் என்று எழுதியது தப்பு. முன்னால் போய் அழிக்கலாம் என்றால் ரப்பர் இல்லை. அடுத்துப் படிப்பவர் மன்னிக்கவும்.' அதற்குக் கீழே நீல மையில், 'நானும் நம்பிவிட்டேன்'. அதற்கும் கீழே பச்சை மையில், 'நானும்தான். என் தம்பியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்'. இன்னொரு கையெழுத்து, 'டாக்டர் பாவம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

இருவரும் அதை இரண்டு தடவை படித்தார்கள்.

"முன்னூத்திப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தர்கூட என்கிட்ட மன்னிப்புக் கேக்கல" என்றாள் மனைவி. அப்புறம் எழுந்து போய்ப் பென்சில் கொண்டுவந்தாள். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று அவர் சொல்வதற்குள், 'கறை என்று சொல்லி என் வீட்டுக்காரர் இதை மறைத்தார்' என்று எழுதிவிட்டாள்.

தண்டனை மறுநாளே தொடங்கியது. அவர் பாதி அலமாரியைக் காலி செய்து பன்னிரண்டு பெட்டியில் புத்தகங்களைக் கட்டினார். பெட்டிகளை வைக்க வேறு இடமில்லாததால் கூடத்தில் அடுக்கினார்கள். இப்போது நடையில் நேராக நடக்க முடிந்தது. கூடத்தில் நண்டு ஆக வேண்டியிருந்தது.

அவளுக்கு அவர் எடுத்துக் கொடுத்தது எழுநூறு பக்க நாவல். வேண்டுமென்றேதான் கொடுத்தார். பஸ்ஸில் ஒரு கையால் அதைப் பிடிக்கவும் முடியவில்லை, புரட்டவும் முடியவில்லை. மூன்றாம் நாள் மூக்கால் பக்கம் புரட்டப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "என்ன புத்தகம்?" என்று கேட்டாள். ஆறு வருஷமாக அதே பஸ்ஸில் படித்துக்கொண்டு போகிறவளை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண், முடித்ததும் தனக்குப் படிக்கத் தர முடியுமா என்று கேட்டாள். மனைவி அதை அவரிடம் வந்து சொன்னபோது அவர் முகம் பல் பிடுங்கக் கொடுக்கிறவர் முகம் மாதிரி ஆனது. இருந்தாலும் சரி என்றார். அட்டை போட்டுத்தான் கொடுத்தார்.

மாதம் முடிந்த அன்று அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்தாள். மாதம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டிய கருவியில் சார்ஜ் நிறைய இருந்தது. அவள் தொடங்கியே இராத ஒரு சரித்திர நாவல் எழுபது சதவீதத்தில் நின்றது. எழுத்துகள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தன. ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரி.

"இது யாரு படிச்சது?"

 "எழுத்து எவ்வளவு பெரிசா வருதுன்னு சும்மா பார்த்தேன்."

"எழுபது சதவீதம் வரைக்குமா?"

"பார்க்கப் பார்க்க வந்துக்கிட்டே இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, நடுவில் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள். "இதை வாசிங்க." அவர் கையை முழுசாக நீட்டிப் பிடித்தார். பிறகு விளக்குக்குக் கீழே போனார். முதல் வரியில் இரண்டு இடத்தில் தடுமாறினார். மழை பெய்த மத்தியானம் கரண்ட் இருந்தபோதே ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டதற்கு என்ன காரணம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"அச்சு இப்பல்லாம் சரியில்ல" என்றார்.

"இது நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி வந்த புத்தகம்."

மறுநாள் லேபுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவளே அவரைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அளவு பார்த்தவர் இதற்கு மூன்று வருஷம் முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்றார். மெக்கானிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் மேஜைமேல் கிடந்த துண்டறிக்கையைப் படித்தார். அடுத்து, கண்ணாடி துடைக்கும் திரவத்தின் பாட்டிலில் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையைப் படித்தார். சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைப் பக்கத்தில் போய் நின்று படித்தார். அவள் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். படியிறங்கும்போது பில்லின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தார்.