மண் தொடாத வீடுகள்

ஹார்ல்டன் நகரத்தின் பிர்ச்லி சாலையில் புதிதாகக் கட்டிய வீடுகள், சாவி கைமாறிய அன்றே தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றன. குழாயில் தண்ணீர் வந்தது, அடுப்பு எரிந்தது, சுவரில் விரிசல் இல்லை. வாங்கியவர்களுக்குச் சுவரும் கூரையும்தான் சொந்தம். மண் குத்தகை, அதன் உடைமைக்காரர் வேறு யாரோ. விளம்பரத்தில் மட்டும் ‘என்றென்றும் உங்கள் சொந்த வீடு’ என்று போட்டிருந்தது. வீடு விற்கும் தரகர் ராட்னி பில்லிங், பார்க்க வருகிறவர்கள் கண்ணில் இடைவெளி படாதபடி சுற்றிலும் லாவெண்டர் பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்.

அங்கே வீடு வாங்கிய பஸ் ஓட்டுநர் கிளைவ் என்ட்விசிலும் அவர் மனைவி பெர்னிஸும் சமையலறையைக் கொஞ்சம் நீட்டிக் கட்டப் போனபோது, நிலக்காரரின் ஆள் வந்து அனுமதிக்குக் காசு கேட்டான். வெறுத்துப்போய் விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. பெர்னிஸ் நேரே நகரசபைக்குப் போய், வியாபார ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரி மியூரியல் ஹெஸ்கெத்தைக் கையோடு அழைத்துவந்தாள். மியூரியல் ஒரு தொட்டியை நகர்த்தினார், மழைக்கோட்டோடு சேற்றில் குப்புறப் படுத்தார், வீட்டுக்கடியில் ஊர்ந்துபோய்ப் பின்வாசல் பக்கம் எழுந்தார். தலையெல்லாம் சிலந்திவலை.

“பாத்தீங்களா கண்ணு? புருஷனும் பொண்டாட்டியும் குடிச்சிட்டு உளர்றோம்னு சொன்னாங்க,” என்றாள் பெர்னிஸ். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. மியூரியல் சேற்றுக் கையோடே அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ராட்னி ஓடிவந்தார். “மேடம், வீடு மிதக்குதுன்னு விளம்பரத்துல போட்டா எவன் வாங்குவான்?”

“தெரிஞ்சு வாங்குறவன் வாங்குவான். தெரியாம வாங்கினவங்க கதியைத்தான் பாக்குறீங்களே.”

வீடுகளைக் கட்டிய கம்பெனியின் வக்கீல்கள், மிதப்பது கட்டடத்தின் குறையே அல்ல என்று இரண்டு குளிர்காலம் வாதாடினார்கள். மேலிருந்து மிரட்டல் வந்தது, மியூரியலின் பதவி உயர்வு நின்றது, அவர் அசையவில்லை. கடைசியில் வழக்கை விசாரித்த குழுவின் தலைவரையே அழைத்துவந்து சேற்றில் படுக்க வைத்தார். அவர் எழுந்து, கழுத்துப்பட்டையைத் துடைத்துக்கொண்டு, புது விதியில் கையெழுத்துப் போட்டார்: மண் யாருடையது, குத்தகை எத்தனை வருஷம், ஆண்டு வாடகை எப்படி ஏறும், எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்பதெல்லாம் விளம்பரத்தின் தலையிலேயே, விலை போட்ட அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சுவரோரம் தொட்டி வைக்கக் கூடாது.

ஏமாந்தவர்களுக்குக் கம்பெனி நிலக்காரரிடமிருந்து நிலத்தையும் வாங்கி எழுதிக் கொடுத்தது. அன்று மாலை பெர்னிஸ் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வீடு மெல்லக் கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. கோப்பையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. “வந்துட்டோம்,” என்றார் கிளைவ்.

அதற்குப் பின் குத்தகை மண்ணில் கட்டியவை இன்றும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. போன வசந்தத்தில் ஒரு இளம் ஜோடிக்கு வீடு காட்டிய ராட்னி, வாசலிலேயே நிறுத்தி, “முதல்லயே சொல்லிடறேன், மண்ணு உங்களுது ஆகாது, வீடு இந்த உசரத்துலதான் நிக்கும்,” என்றார். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். அடியில் முள்ளெலி ஒன்று குட்டிகளோடு தூங்கிக்கொண்டிருந்தது.

“இதுவும் நிலக்காரரோடதா?”

“இல்லம்மா, அது தானா வந்தது.”

அவர்கள் சிரித்துவிட்டு, விலையை நன்றாகக் குறைத்துப் பேசி, அந்த வீட்டையே வாங்கிக்கொண்டார்கள்.