கங்லோஃப் அறுக்காமல் விட்ட கோதுமை

கங்லோஃப் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை.

அவருடைய பக்கத்து வயல்காரர் அலோய்ஸ் அறுவடையின் நடுவில் பரணிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஸ்ட்ராஸ்பூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எங்கள் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்து நிலத்துக்காரர் மிச்ச வேலையை முடித்துக்கொடுப்பார். யாரும் போய்க் கேட்பதில்லை. யாரும் வந்து நன்றி சொல்வதும் இல்லை.

அன்று மதியம் நான் சைக்கிளில் வயல் பக்கம் போனபோது கங்லோஃப் அறுவடை மிஷின் மேலிருந்து கையாட்டினார்.

"எலி டாக்டரம்மா! இங்க பாரு. அலோய்ஸ் ஓரத்துல ஒரு துண்டை அப்படியே விட்டுட்டு விழுந்துட்டான், சோம்பேறி. வழிச்சு எடுத்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனா சொல்லு, நிம்மதியாத் தூங்கட்டும்."

நான் சைக்கிளைக் கீழே போட்டேன். நிறுத்தத் தோன்றவில்லை.

அந்தத் துண்டு மறந்து விட்டது அல்ல. அதைக் கோடை முடியும்வரை அறுக்காமல் வைப்பதாக அலோய்ஸ், ஹாம்ஸ்டர்களைக் காப்பாற்றும் எங்கள் அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். வயலில் வளை தோண்டி வாழும் பெரிய காட்டெலி மாதிரியான பிராணி அது; வசந்தத்தில் அங்கே ஒரு பெண் ஹாம்ஸ்டரை விட்டிருந்தேன். கறுப்பு வயிறு, கன்னத்தில் வெள்ளைத் திட்டு, கோபம் வந்தால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். இரண்டாவது ஈற்றுக் குட்டிகள் அப்போதுதான் வளையை விட்டு வெளியே தலை காட்டத் தொடங்கியிருந்தன. பலகை எதுவும் நட்டிருக்கவில்லை. பலகை வைத்தால் வேடிக்கை பார்க்க நாயோடு வருவார்கள்.

இப்போது அங்கே அரிதாள் மட்டும் இருந்தது, வெட்டிய தலைமுடிபோல. மேலே இரண்டு பருந்துகள் ஏற்கனவே வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

"ஏன் முகம் இப்படிப் போயிடுச்சு?" என்றார் கங்லோஃப். மிஷினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

எனக்குப் பேச்சு சரளமாக வராது. வந்தவரை சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"தானியப்பன்னிக்கா? அந்தத் தானியப்பன்னிக்கா அலோய்ஸ் கோதுமையை விட்டு வெச்சான்?"

எங்கள் பேச்சுவழக்கில் ஹாம்ஸ்டருக்கு அதுதான் பெயர். அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் அதைப் பிடித்துக் கொண்டுபோனால் ஊர் மன்றத்தில் சில்லறை கொடுப்பார்கள். அப்போது வயலெல்லாம் அதுதான். பிறகு மக்காச்சோளம் வந்தது, சாலைகள் வந்தன, அது போய்விட்டது. மக்காச்சோளத்தை மட்டும் தின்னும் தாய் தன் குட்டிகளையே தின்றுவிடும் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். கொடூரம் ஒன்றும் இல்லை, ஒரு வைட்டமின் குறைவு. அதைப் படித்த நாளில்தான் இந்த வேலைக்கு வருவதென்று முடிவு செய்தேன்.

அதற்கெல்லாம் முன்பே யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஐரோப்பா முழுவதற்குமான சட்டத்தின் பின்னிணைப்பில் இந்தப் பிராணியின் லத்தீன் பெயரை எழுதியிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியை வைத்து லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் எங்கள் அரசிடம், நீங்கள் இதைப் போதிய அளவு காப்பாற்றவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு கையில் அடங்கும் பிராணிக்காக ஒரு நாட்டையே கூண்டில் ஏற்ற முடிந்திருக்கிறது. எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான்.

அடுத்த வாரம் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்தத் துண்டைப் பார்க்க வருவதாக இருந்தது. விளைநிலங்களில் வாழும் உயிர்களுக்கான விதிகளைப் பலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. இப்போதைய ஒப்பந்தங்கள் போதுமா, வேலை செய்கின்றனவா என்று நேரில் பார்க்கப் போகிறார்கள். எனக்கு அப்போது அந்த நினைவுகூட இல்லை. பருந்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலோய்ஸின் மனைவி ஓடில் கங்லோஃபுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வெங்காயப் பணியாரம், ஒரு குப்பி பழச்சாறு. நிலத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏய் எர்னெஸ்ட்!" என்று கங்லோஃபைப் பார்த்துக் கத்தினாள். "என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"உதவி."

"உன் உதவியில இடி விழ. அவரு தினமும் ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணி, தன் இடுப்பைப் பத்தியா பேசுறாரு? குட்டி வெளிய வந்துச்சான்னு கேக்குறாரு!"

"எனக்கு யாரு சொன்னா? அவன் சொன்னானா? நீ சொன்னியா? இந்த எலி டாக்டர் சொன்னாளா?"

ஓடில் என் பக்கம் திரும்பினாள். "அதுவும் சரிதான். அவர்கிட்ட மட்டும் கையெழுத்து வாங்கினீங்க. இந்த ஊர்ல எவன் நிலத்தை எவன் உழுவான்னு உங்க ஆபீசுக்குத் தெரியுமா?"

நான் பார்வையைத் திருப்பினேன். வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் கங்லோஃபின் சொந்தக் கோதுமை நின்றது. நல்ல கனம், ஒரே உயரம், சாலை ஓரத்திலேயே. ஊரில் எல்லோரும் கண் வைக்கிற கோதுமை. நாளைக்கு அதை அறுப்பதாக இருந்தார்.

"ஏன் என் கோதுமையையே பாக்குற?" என்றார் அவர்.

என் காது சூடாகிவிட்டது.

"சும்மா."

"சும்மா பாக்குறவ இப்படிப் பாக்க மாட்டா. வாயைத் திறந்து கேளு."

"மறைப்பு இருந்தா அது பாதையைத் தாண்டி உங்க வயலுக்குப் போயிடும். இங்கேயே இருந்தா குட்டிகள் ரெண்டு நாள்கூடத் தாங்காது. உங்க வயலை... முழுசும் வேண்டாம். இந்தப் பக்கத்து ஓரம் மட்டும் விட்டா..." மூச்சு விட்டுக்கொண்டேன். "உங்க பேர்ல ஒப்பந்தம் இல்ல. நஷ்டஈடும் வராது."

ஜூலை கடைசியில் சாலை ஓரம் நிற்கும் கோதுமை எங்கள் ஊரில் பெரிய அவமானம். ஆள் குடிகாரன், அல்லது கடனில் மூழ்கியவன், அல்லது மனைவி ஓடிப்போனவன் என்று அர்த்தம். கங்லோஃப் நாற்பது வருடமாக முதலில் அறுத்து முடிக்கிறவர். நான் கேட்டது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தே கேட்டேன்.

அவர் சாலையைப் பார்த்தார். தூரத்தில் பேராலயக் கோபுரம் வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. ஒரு பருந்து தாழ்ந்து வந்து அரிதாளைத் தொட்டுவிட்டு எதுவும் சிக்காமல் எழும்பியது.

"ஓடில்," என்றார். "வீட்டுல வைக்கோல் அள்ளுற முள்ளு எத்தனை இருக்கு?"

மாலைவரை மூவரும் வைக்கோல் இழுத்தோம். மிஷின் விட்டுச்சென்ற வைக்கோலை வளைகளின் மேல் லேசாகப் பரப்பி, அங்கிருந்து வண்டிப்பாதையின் குறுக்காக கங்லோஃபின் கோதுமைவரை ஒரு கூடாரம்போல் குவித்துக்கொண்டே போனோம். உள்ளே நுழைந்து ஓட இடம், மேலே பார்வை படாத மூடாக்கு. கங்லோஃப்தான் வேகம். ஓடில் அவரைத் திட்டிக்கொண்டே குவித்தாள்.

"கல்யாணத்துக்குப் பந்தல் போடுற மாதிரி போடுறியே."

"உன் கல்யாணத்துக்கும் நான்தான் போட்டேன். இன்னும் விழல பாரு."

கடைசியில் தன் வயலின் முன் நின்று கையால் காற்றில் கோடு போட்டார். ஓரம் மட்டும் என்று நான் கேட்டிருந்தேன். அவர் போட்ட கோடு நடு வயலில் இருந்தது.

"பாதிக்குப் பாதி," என்றார். "விட்டா ஒழுங்கா விடணும். ஓரத்துல ரெண்டு சாண் விட்டா, மிஷின் ஓட்டத் தெரியாதவன்னு சொல்லுவானுங்க."

சொல்லத்தான் சொன்னார்கள். மறுநாள் பாதி வயலை அறுத்துவிட்டுப் பாதியை விட்டார். அதற்கடுத்த நாளிலிருந்து அந்தச் சாலையில் போன ஒவ்வொரு டிராக்டரும் ஹாரன் அடித்தது.

"எர்னெஸ்ட்! டீசல் தீந்துபோச்சா? கடன் வேணுமா?"

"முதுகு பிடிச்சுக்கிச்சாம். பாட்டில் தூக்குற கைக்கு ஒண்ணும் இல்லையாம்!"

அவர் காரணம் சொல்லவில்லை. சொன்னால் நாயோடு வருவார்கள் என்று நான் ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்திருந்தார். "ஆமா, முதுகுதான்," என்று கத்துவார். பிறகு என்னிடம் வந்து, "குட்டி தாண்டுச்சா?" என்று கேட்பார். எனக்குத் தெரியவில்லை. வைக்கோலைக் கிளறிப் பார்ப்பதும் தவறு.

பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தவர் கத்ரி என்ற எஸ்தோனியப் பெண். ரப்பர் பூட்ஸைத் தானே கொண்டுவந்திருந்தார். ஓடில் என் காதில் முணுமுணுத்தாள்: "நிக்குற கோதுமையைக் காட்டி, இதுதான் ஒப்பந்தத் துண்டுன்னு சொல்லிடு. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது? எல்லாம் நல்லா நடக்குதுன்னு எழுதிட்டுப் போகட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கங்லோஃப் முன்னால் வந்தார்.

"மேடம், ஒப்பந்தத் துண்டு அதோ, அந்த மொட்டை. நான்தான் அறுத்தேன். இது என்னோடது."

கத்ரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் விட்டிருக்கீங்க?"

கங்லோஃப் தோளைக் குலுக்கினார். "முதுகு."

கத்ரி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. என்ன மாத்தணும்?"

கூட்டத்தில் எழுந்து பேசவேண்டி வந்தால் கழிப்பறைக்குப் போய்விடுகிற ஆள் நான். அன்றைக்கு வயலில் போக இடம் இல்லை.

"சட்டம் சரியாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா அது ஒவ்வொரு விவசாயியாப் பாத்துப் பேசுது. இங்க யாரும் தனியா விவசாயம் பண்றதில்ல. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் மிஷின் ஏறுவாரு. ஹாம்ஸ்டருக்கும் அப்படித்தான், அதுக்கு வேலி தெரியாது. கையெழுத்தை ஊரோட போடுங்க. இந்த வருஷம் இவர் விடட்டும், அடுத்த வருஷம் அவர் விடட்டும். எல்லாருக்கும் தெரியட்டும், யாருக்கும் அது அவமானமா இருக்க வேண்டாம். விருப்பம் இருந்தா செய்யுங்கன்னு விடாம, விதியாவே எழுதுங்க."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. ஓடில் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"என்னால உறுதி கொடுக்க முடியாது," என்றார் கத்ரி. "ஆனா இதை அப்படியே கொண்டுபோறேன்." பிறகு கங்லோஃபின் கோதுமைக்குள் ஓர் அடி வைத்தவர் நின்றார். "இது என்ன?"

தாள்களுக்கு நடுவே கைமுட்டியளவு அகலத்தில் ஒரு துளை, சாய்வே இல்லாமல் நேர்கீழாக இறங்கியது. வாயில் புதுமண். சுற்றிலும் சில கதிர்கள் சரிவாகக் கடித்து வெட்டப்பட்டிருந்தன. அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு துளை, சின்னது. அதற்கும் தள்ளி இன்னொன்று.

நான் மண்டியிட்டேன்.

கங்லோஃப் குனிந்து பார்த்தார். வெட்டுப்பட்ட தாள் ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார்.

"என் ஊர்லயே நல்ல கோதுமையாப் பாத்துக் குடி வந்திருக்கா," என்றார். "வாடகை கிடையாது, வெக்கம் கிடையாது." முகம் முழுக்கச் சிரிப்பு.

செப்டம்பரில் கத்ரி போன் செய்தார். வரைவில் அந்த யோசனை சேர்ந்துவிட்டது, கூட்டு ஒப்பந்தம் என்று ஒரு தனிப் பகுதியே வருகிறது, இனி நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். நான் ஓடிலுக்குச் சொல்லப் போனேன். அங்கே அலோய்ஸ் அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு ஊன்றுகோலோடு நேரே வயலுக்குப் போயே தீருவேன் என்று நின்றார். கூட்டிக்கொண்டு போனோம்.

கோதுமை அதற்குள் பழுப்பேறி, பாதி சாய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. கங்லோஃப் அதன் ஓரத்தில் நின்றிருந்தார். அலோய்ஸ் சாலையில் நின்று நெடுநேரம் பார்த்தார். எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தினார்:

"ஏண்டா எர்னெஸ்ட், இன்னும் அறுக்கலையா? சோம்பேறி!"

கங்லோஃப் உதட்டின்மேல் விரல் வைத்தார்.

"கத்தாதடா. குளிர்காலத்துக்குச் சேத்துக்கிட்டு இருக்கு."