அட்டையைப் பார்க்கும் முன்

கட்டிலைப் பக்கவாட்டில் சாய்க்காமல் அறைவாசலைத் தாண்ட முடியவில்லை. தலைப்பக்கம் மாமா, கால்பக்கம் தம்பி. நோயாளிகளுக்கென்று வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டில், கனத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

அக்கா விடியற்காலையில் இறந்துபோயிருந்தாள். கூடத்தில் பெஞ்சின்மேல் வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தாள். சாயங்காலம் எடுக்க வேண்டும். வருகிறவர்கள் உட்கார அறையைக் காலி செய்தாக வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர், ஏதோ ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நிற்கட்டும் என்று தம்பியும் கூடப் பிடித்தான்.

"சுவத்துல இடிக்காத மச்சான். அப்புறம் உங்கக்கா..." மாமா அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மெத்தை நழுவி, அடியிலிருந்து ஒரு நீல நோட்டு விழுந்தது.

தம்பிக்கு அந்த நோட்டைத் தெரியும். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், அவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் இருவரும் ஒரே கிளப்பில் ஏர் பிஸ்டல் சுட்டார்கள். பத்து மீட்டர் தள்ளி இலக்கு அட்டை. ஸ்விட்சைத் தட்டினால் கம்பியில் ஓடி வரும். அக்கா உடனே தட்டமாட்டாள். சுட்ட பிறகும் நீட்டிய கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்புறம் குண்டு எங்கே பட்டிருக்கும் என்று நோட்டில் 'நினைச்சது' என்ற பத்தியில் எழுதுவாள். அதற்குப் பிறகுதான் அட்டை. அதைப் பார்த்து 'நடந்தது' பத்தியை நிரப்புவாள். பத்துக்கு எட்டு தடவை இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

தம்பி அப்படியில்லை. சுட்டதும் பார்த்தாக வேண்டும். அந்த அவசரத்தில் கை முன்கூட்டியே இறங்கிவிடும், குண்டும் கூடவே இறங்கும். ஒரு குண்டு நடுவில் பட்டு முழுசாகப் பத்துப் புள்ளி எடுக்கும், அடுத்தது ஐந்து. "குண்டுக்கு முன்னாடி நீ ஓடிடறே" என்று அக்கா கேலி செய்வாள்.

அவள் படுக்கையில் விழுந்ததும் மூன்று பேர் அணியில் அவள் இடத்துக்கு அவனைப் போட்டார்கள். மேட்ச் நாளைக்கு. தான் வரவில்லை என்று காலையிலேயே கிளப் செயலாளரிடம் சொல்லிவிட்டான். துக்கம் என்று சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்? உள்ளே இருந்தது பயம். அவள் நின்ற இடத்தில் நின்று அவள் மானத்தை வாங்கிவிடுவோமோ என்ற பயம். இனி துப்பாக்கியையே தொடுவதில்லை என்றுகூட முடிவு செய்திருந்தான்.

கட்டிலை அப்படியே வாசலில் இறக்கி வைத்தார்கள். மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை.

"ஒரு வாரமா இதுல என்னமோ கிறுக்கிட்டே இருந்தா. நீயே படி."

தம்பி படித்தான்.

நினைச்சது: மத்தியானம் வலி வரும். நடந்தது: சாயங்காலம்தான் வந்தது.

நினைச்சது: நல்லா இருக்கீங்கன்னு டாக்டர் சொல்வார். நடந்தது: சொன்னார். பாவம்.

நினைச்சது: இவர் அழமாட்டார். நடந்தது: குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

"அடிப்பாவி, அது கேட்டுச்சா இவளுக்கு!" மாமா சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, இந்தத் தடவை குழாய் எதுவும் திறக்காமல், வாய்விட்டு அழுதார். தம்பியாலும் அடக்க முடியவில்லை.

கடைசி வரியில் நேற்றைய தேதி. நினைச்சது: தம்பி மேட்சுக்குப் போகமாட்டான். எதிரே 'நடந்தது' பத்தி காலியாக இருந்தது.

அவனுக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது.

"போற நேரத்துலயும் என்னைத்தான் வம்புக்கு இழுத்திருக்கா, பாருங்க மாமா."

"சரியாத்தான எழுதியிருக்கா? காலையில நீ போன்ல பேசினத நானும் கேட்டேன்." மாமா மூக்கை உறிஞ்சினார். "இந்த ஒண்ணுலயாவது அவ கணக்கப் பொய்யாக்கிடு மச்சான். இருபத்தி ரெண்டு வருஷமா என்னால முடியல."

"நாலு பேர் என்ன மாமா சொல்லுவாங்க? நேத்து அக்கா, இன்னிக்குத் துப்பாக்கியான்னு..."

"நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ கட்டிலத் தூக்கு."

மறுநாள் காலை அரங்கில் அவன் கண்கள் வீங்கியிருந்தன. முதல் குண்டு ஏழு. அடுத்தது ஒன்பது. மூன்றாவது ஐந்து. ஒவ்வொரு தடவையும் சுடுவதற்கு முன்பே இடது கை ஸ்விட்சைத் தேடிப் போனது. பின்னால் நின்ற செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

தம்பி துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

மறுபடி எடுத்து உயர்த்தினான். குழல் நுனியில் இருந்த குறிமுனை கூர்மையாகத் தெரிந்தது. தூரத்துக் கறுப்பு வட்டம் கலங்கலாக இருந்தது. விசை மெல்லப் பின்வாங்கியது. சத்தம் அடங்கிய பிறகும் கை நீட்டியபடியே இருந்தது.

"இடது பக்கம், எட்டு" என்று தனக்குள் முணுமுணுத்தான்.

பிறகு ஸ்விட்சைத் தட்டினான். அட்டை ஆடி ஆடி வந்து நின்றது. எட்டு, இடது பக்கம்.

அதைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த அட்டையை மாட்டினான்.